வாசலில் விஷம், எட்டாத இடத்தில் மருந்து!

தோட்டத் தொழிலாளத் தோழர்களே!

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். இந்நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 வெள்ளி. முறையாக வரி செலுத்தப்பட்டு வரும் பெயர் பெற்ற சிகரெட் ஒரு பெட்டி 17 வெள்ளிக்கு மேல். நாளுக்கு ஒரு பெட்டி புகைக்கும் தொழிலாளி மாதம் 510 வெள்ளியைப் புகையாக்கி விடுகிறார். இது அவர் வாங்கும் சம்பளத்தில் பத்தில் மூன்று பங்கு! நாம் நிர்வாகத்தாருடன் மாதக் கணக்கில் வாதாடி வாங்கித் தரும் உயர்வு எதுவாயினும், அது வந்த வழியே போய்விடுகிறது. கள்ளச் சிகரெட் வாங்குகிறவர் காசில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். நெஞ்சுக்கூட்டில் ஒன்றும் மிச்சம் பிடிக்க முடியாது.

"குடிப்பதும் புகைப்பதும் அவனவன் இஷ்டம், இதில் சங்கத்துக்கு என்ன வேலை?" என்று சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சரித்திரத்திலிருந்து பதில் சொல்லுகிறோம்.

கள்ளுக்கடைப் பாடம்

1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. அதன் முன்னணியில் நின்றவர் ஆர்.எச். நாதன். அன்றைய தொழிலாளர் கேட்டது கூலி உயர்வு மட்டுமா? இல்லை. பிள்ளைகளுக்குக் கல்வி கேட்டார்கள். துரைமார் எதிரே சைக்கிளில் ஏறிப் போகும் உரிமை கேட்டார்கள். தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடு என்றும் கேட்டார்கள். நாதன் கைது செய்யப்பட்டார். போராட்டம் சிலாங்கூர் மாநிலத்தில் பரவிற்று, பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். அவர்கள் சிந்திய இரத்தத்தின் மேல்தான் பிற்காலத்துச் சங்கங்கள் எழுந்து நின்றன.

ஏன் அவர்கள் கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள்? கூலியை ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக் கொள்ளும் சூழ்ச்சி அது என்பதை அறிந்திருந்தார்கள். தொழிலாளி குடிகாரனாகப் பிறக்கவில்லை. அவன் குடியிருக்கும் லயத்துக்கு அருகிலே, சம்பள நாளன்று, கடை திறந்து வைக்கப்பட்டது என்பதுதான் உண்மை. 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டமும் மதுக்கடையில் வைத்துச் சம்பளம் கொடுக்கக் கூடாது என்றும், வேலை ஒப்பந்தத்தின் பகுதியாக மதுவை வழங்கக் கூடாது என்றும் எழுதி வைத்தது. தனிமனிதன் பழக்கம் என்று சொல்லிச் சட்டம் ஒதுங்கி நிற்கவில்லை. சங்கம் மட்டும் ஏன் ஒதுங்க வேண்டும்?

இன்று லயத்து வாசலில் நிற்பது வேறு சரக்கு. புக்கிட் பெலிம்பிங்கிலும் கோலசிலாங்கூர் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் பால்மரம் பெரும்பாலும் போய் எண்ணெய்ப்பனை வந்துவிட்டது. சுருட்டும் பீடியும் போய் சிகரெட் வந்தது. இப்போது வேப் வந்திருக்கிறது. மாம்பழ வாசனை, திராட்சை வாசனை என்று பிள்ளைகள் கையில் மிட்டாய்போல் வந்து சேர்ந்திருக்கிறது.

சட்டம் தூங்கிய பதினெட்டு மாதம்

நிக்கோட்டின் என்பது என்ன? புகையிலையில் உள்ள நஞ்சு. ஒரு காலத்தில் அதைப் பூச்சி மருந்தாகவே தெளித்தார்கள். 1952ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டத்தின் பட்டியலில் அது இருந்தது. 2023 மார்ச் மாத இறுதியில், வேப்பில் ஊற்றும் திரவ நிக்கோட்டினுக்கு அந்தப் பட்டியலிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. ஏப்ரல் 1 முதல் மில்லிலிட்டருக்கு 40 காசு வரி விதிக்கப்பட்டது. அரசாங்கக் கஜானாவுக்கு வருமானம் வந்தது. ஆனால் சிறுவருக்கு அதை விற்கக் கூடாது என்ற நாடு தழுவிய சட்டம் எப்போது அமலுக்கு வந்தது? 2024 அக்டோபர் 1ஆம் தேதி! 852ஆம் எண் கொண்ட பொதுச் சுகாதாரப் புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் அது. இடையிலே பதினெட்டு மாதம் வரி வாங்கத் தெரிந்தது. வேலி போடத் தெரியவில்லை.

2007ஆம் ஆண்டு முதல் பிறந்தவர்க்குப் புகைப்பொருளே விற்கக் கூடாது என்று முதலில் ஒரு யோசனை இருந்தது. அதுவும் 2023இல் மசோதாவிலிருந்து கழற்றப்பட்டது. இதற்கிடையில் நடந்தது என்ன? சுகாதார அமைச்சின் ஆய்வுப்படி 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் வேப் புகைப்போர் 2017இல் நூற்றுக்கு 9.8, 2022இல் 14.9. இவை விலக்கு அளிப்பதற்கு முந்திய கணக்குகள். தீ பற்றிய வீட்டில் எண்ணெய் வார்த்தார்கள் என்று நாம் சொன்னால் அது மிகையாகாது.

சட்டம் வந்தது நல்லது. தண்டம் விதிப்பதும் சரி. திரெங்கானு போன்ற மாநிலங்கள் 2025 ஆகஸ்டு முதல் வேப் விற்பனையையே தடுத்தன. அதையும் நாம் குறை சொல்லவில்லை. ஆனால் ஏற்கெனவே அடிமைப்பட்டவன் கதி என்ன? கடையை மூடினால் அவன் நரம்பும் மூடிக்கொள்ளுமா? அவனுக்கு மருந்து எங்கே என்பதுதான் நமது கேள்வி.

கையில் ஒட்டும் மருந்து

மருந்து இருக்கிறது. பேட்ச் என்று இக்காலத்தார் சொல்லும் நிக்கோட்டின் பிளாஸ்திரி அது. அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தது. 2009இல் உலகச் சுகாதார நிறுவனம் நிக்கோட்டின் மாற்று மருந்துகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலே சேர்த்தது. 2024 ஜூலையில் அதே நிறுவனம் வெளியிட்ட புகைநிறுத்த வழிகாட்டியிலும் அவை இடம் பெற்றன.

அது வேலை செய்யும் விதம் எளிது. சிகரெட்டை இழுத்தால் நிக்கோட்டின் சில வினாடிகளில் மூளைக்கு ஏறுகிறது, விரைவில் இறங்குகிறது, இறங்கியதும் கை மறுபடி பெட்டியைத் தேடுகிறது. பிளாஸ்திரியோ தோல் வழியாகச் சிறுகச் சிறுக நாள் முழுவதும் கொடுக்கிறது. ஏற்றமும் இறக்கமும் இல்லாததால் தவிப்பு அடங்குகிறது. தாரும் கரிவாயுவும் அதில் கிடையாது. நாளுக்குப் பத்துக்கு மேல் புகைப்பவர் வழக்கமாக 21 மில்லிகிராமில் தொடங்கி, ஆறு வாரம் கழித்து 14, அப்புறம் 7 என்று படி இறங்குவார். வேப் திரவத்தின் வீரியம் ஒன்றுக்கொன்று மாறுபடுவதால், வேப் புகைப்பவர் தமக்கு எந்த அளவு என்பதை மருத்துவ ஊழியரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகளும் இருதய நோயுள்ளவர்களும் டாக்டரைக் கேளாமல் ஒட்டக் கூடாது.

தோட்டத்து ஆட்களுக்குச் சில குறிப்புகள்: விடியற்காலை பெரட்டுக்குப் போகுமுன், வியர்வையில்லாத நேரத்தில், நன்றாகத் துடைத்துக் காய்ந்த மேல்கையிலோ மார்பிலோ ஒட்டி அழுத்திப் பிடிக்கவும். தைலம் தடவிய இடத்தில் ஒட்டாது. தினமும் இடத்தை மாற்றவும். இரவில் தாறுமாறாகக் கனவு வந்தால் படுக்குமுன் எடுத்துவிடலாமா என்று கேட்டுக்கொள்ளவும். எடுத்த பிளாஸ்திரியில் மருந்து மிஞ்சியிருக்கும். இரண்டாக மடித்துக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் எறியவும்.

குறைப்பது பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே நாளில் விட முடியாதவர் பிளாஸ்திரியின் துணையோடு படிப்படியாகக் குறைக்கலாம். நிறுத்தக் குறித்த நாளுக்கு முன்பே ஒட்டத் தொடங்குவதும் பலன் தரும். ஆனால் குறைத்ததோடு நின்றுவிடாதீர்கள். நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் புகைத்தாலும், இருபது புகைப்பவருக்கு உண்டாகும் கூடுதல் இருதய ஆபத்தில் ஏறக்குறையப் பாதி அவருக்கும் உண்டு என்று 2018இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டியது. குறைப்பது பாதை, நிறுத்துவதே ஊர்.

மூன்று ஆட்சேபங்கள்

முதல் ஆட்சேபம்: "மனவுறுதி இருந்தால் போதும்." இப்படிப் பேசுகிறவர்கள் நல்லவர்கள், ஆனால் கணக்குத் தெரியாதவர்கள். எந்த உதவியுமின்றி விட முயல்பவரில் நீடித்து வெல்பவர் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான். மற்ற தொண்ணூற்றைந்து பேரும் கோழைகளா? மருந்து தெளிக்கும் பெண்கள் பராகுவாட்டால் நகம் அழுகி, மூக்கில் இரத்தம் வடிந்து நின்றபோது, "மனவுறுதியோடு தெளியுங்கள்" என்றா சொன்னோம்? அந்த நஞ்சையே தடுக்க வேண்டும் என்று வாதாடினார்கள். 2002இல் வந்த கட்டுப்பாடு 2006இல் தளர்த்தப்பட்டது. விடாமல் போராடியதன் பின் 2020 ஜனவரி 1 முதல் முழுத்தடை வந்தது. நஞ்சுக்கு விடை பாதுகாப்பும் மருந்தும்தான். உபதேசம் மட்டும் போதாது.

இரண்டாவது: "பிளாஸ்திரியிலும் நிக்கோட்டின்தானே? ஒரு பேயை ஓட்ட இன்னொரு பேயா?" நிக்கோட்டின் ஆளைக் கட்டிப்போடும் கயிறு. கொல்லுவது பெரும்பாலும் புகையில் உள்ள மற்றச் சரக்குகள். பிளாஸ்திரி அந்தக் கயிற்றைச் சிறுகச் சிறுகத் தளர்த்துகிறது. மாற்று மருந்துகள் வெற்றி வாய்ப்பை ஏறக்குறைய ஒன்றரை மடங்காக்குகின்றன என்பது பல ஆராய்ச்சிகளின் முடிவு. நூற்றுக்கு நூறு வெற்றி என்று நாம் பொய் சொல்லமாட்டோம். பிளாஸ்திரியோடு சூயிங்கம் போன்ற விரைவு மருந்தும், ஆறுதலாக ஆலோசனை சொல்லும் ஊழியரும் சேர்ந்தால் பலன் இன்னும் கூடும்.

மூன்றாவது, வாலிபர் சொல்வது: "வேப்பே மருந்துதான், சிகரெட்டை விடத்தான் இதைப் பிடித்தோம்." உண்மையை மறைப்பதற்கில்லை. சிகரெட்டை விட விரும்பிய பெரியவர்களுக்கு ஆலோசனையோடு வேப் கொடுத்துச் செய்த ஆராய்ச்சிகளில் பலர் சிகரெட்டை விட்டதுண்டு. ஆனால் ஐயா, நமது தோட்டத்து வாலிபரில் எத்தனை பேர் அப்படிப் பிடித்தார்கள்? சிகரெட்டையே தொட்டறியாத பதினைந்து வயதுப் பையன் எதை விடுவதற்காக வேப் பிடித்தான்? பலர் காலையில் சிகரெட், மாலையில் வேப் என்று இரட்டை மாட்டு வண்டி ஓட்டுகிறார்கள். போதைப்பொருள் கலந்த வேப் திரவங்களும் போலீஸ் சோதனைகளில் பிடிபட்டு வருகின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாத பொருளுக்கு மருந்து என்று பெயரா?

தொழிலாளி எங்கே போவான்?

அரசாங்கச் சுகாதார நிலையங்களில் புகைநிறுத்தச் சிகிச்சை உண்டு. 2015இல் சுகாதார அமைச்சும் மலாயாப் பல்கலைக்கழகமும் பிறரும் சேர்ந்து தொடங்கிய எம்-குவிட் சேவையும் உண்டு. குடிமக்களுக்குக் கட்டணம் மிகக் குறைவு. ஆனால் நிலையம் திறந்திருக்கும் நேரம், தொழிலாளி வேலையில் நிற்கும் நேரம். ஒரு முறை போனால் போதாது. பல முறை போக வேண்டும். பஸ் வசதியில்லாத தோட்டத்திலிருந்து போய்வர அரை நாள் போய்விடும், அரை நாள் கூலியும் போய்விடும். தனியார் மருந்துக் கடையிலோ பெட்டி விலையைக் கேட்டதும் கை பின்வாங்கும். முன்பெல்லாம் தோட்டத்துக்குள்ளேயே ஆஸ்பத்திரியும் டிரசரும் இருந்தனர். பல தோட்டங்களில் அந்தக் கட்டடமே இடிந்து கிடக்கிறது. விஷமோ, எந்த நேரமும் கடை வாசலில், கடனுக்கும் கிடைக்கிறது!

இந்தோனேசியாவிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்து நம்மோடு குலை வெட்டும் தோழர்கள் நிலை இன்னும் மோசம். அந்நியர் கட்டணம் செலுத்தி அவர்கள் எப்போது பிளாஸ்திரி வாங்குவது? ஒரே லயத்தில் ஒருவன் விட்டு மற்றவன் புகைத்தால் இருவர் நெஞ்சும் கெடும்.

ஆகவே நமது கோரிக்கைகள் இவை:

1. சுகாதார இலாகா மாதத்துக்கு ஒரு முறையேனும், வேலை முடிந்த மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ, தோட்டத்துக்கே வந்து புகைநிறுத்தச் சிகிச்சை நடத்த வேண்டும்; பிளாஸ்திரியையும் கையோடு கொண்டுவர வேண்டும்.

2. சிகிச்சைக்குப் போகும் நேரத்துக்குக் கூலி வெட்டக் கூடாது. தோட்ட முதலாளிமார் சங்கமான மாப்பாவுடன் அடுத்து நடக்கும் கூட்டு ஒப்பந்தப் பேச்சில் இதை எழுத்தில் வாங்க வேண்டும்.

3. சிகரெட், வேப் வரியில் வரும் பணத்தில் ஒரு பகுதி இச்சிகிச்சைக்கென்றே ஒதுக்கப்பட வேண்டும். அந்நியத் தொழிலாளருக்கும் இது இலவசமாக வேண்டும்.

4. பதினெட்டு வயது ஆகாத பிள்ளைக்கு விற்கும் கடை எதுவாயினும், நம்மவர் கடையாயினும், கிளைச் சங்கம் புகார் செய்யத் தயங்கக் கூடாது.

தோழர்களே! நிர்வாகம் தரட்டும், அரசாங்கம் தரட்டும் என்று மட்டும் காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு கிளையிலும் விட நினைப்பவர் பெயரை இந்த மாதமே எழுதுங்கள். பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு வேன் பிடித்து ஒரே நாளில் சுகாதார நிலையம் போகலாம். பத்துப் பேர் ஒன்றாய் விட்டால் ஒருவன் தவறும்போது ஒன்பது பேர் தாங்குவார்கள். ஒரு முறை தவறியவனை ஏளனம் செய்யாதீர்கள். பலர் பல முறை முயன்றே விடுகிறார்கள்.

கள்ளுக்கடையை எதிர்த்து நின்ற பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகள் நாம். அவர்கள் கையில் மருந்து இல்லை. உறுதி மட்டும் இருந்தது. நமக்கு இரண்டும் உண்டு. பெற்றுக்கொள்ள ஒன்றுசேர்வதுதான் பாக்கி.