விமான எண்ணெயும் ராஜ்யங்களின் வரியும்

2024-ம் வருஷம் டிசம்பர் 21-ந் தேதி ஜெய்ஸல்மீரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்ஸில், விமான எண்ணெயைப் பொது வரிக்குள் கொண்டுவரும் யோசனையை ஒதுக்கி வைத்தது. ராஜ்யங்கள் இசையவில்லை. அதே கூட்டத்தில் எழுந்த பாப்கார்ன் வரி விவகாரம் நாடெங்கும் பேச்சாயிற்று. எண்ணெய் விஷயமோ கவனிப்பாரின்றிப் போயிற்று. விமானத்தில் ஏறுவோர் சீமான்கள், அவர்கள் பாடு அவர்களுக்கு என்று நம்மவரில் பலர் இருந்துவிடுகிறார்கள். அது தவறென்பதே நமது அபிப்பிராயம்.

இந்நாட்டில் விமானக் கம்பெனி செலவிடும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் சுமார் 30 முதல் 40 ரூபாய் வரை எண்ணெய்க்கே போகிறது. அதன் மூல விலை உலகச் சந்தையில் ஏறி இறங்குவது. கம்பெனியின் கையில் இல்லை. முன்கூட்டியே விலை பேசி வைத்துக்கொள்வது ஒரு வழி. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டபோது, அமெரிக்காவின் ஸவுத்வெஸ்ட் கம்பெனி அவ்வருஷத் தேவையில் பெரும் பகுதிக்குச் சுமார் 51 டாலர் என்று முன்னரே கட்டி வைத்திருந்தது. அது கெட்டிக்காரத்தனம் என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். ஹாங்காங்கின் கதே பஸிபிக் கம்பெனியும் அப்படியே செய்தது. விலை வீழ்ந்தபடியால் 2016-ல் மட்டும் இவ்வகையில் 845 கோடி ஹாங்காங் டாலர் நஷ்டமடைந்தது. இதைச் சூதாட்டம் என்று சொல்லிவிட முடியாது; ஆனால் வெகு தூரத்திலும் இல்லை.

கம்பெனியின் கைவசம் உள்ளவை இயந்திரமும் மார்க்கமுமே. 2016 முதல் இண்டிகோ வாங்கிவரும் ஏ320 நியோ விமானங்கள் பழையவற்றைவிடச் சுமார் 15 சதவிகிதம் குறைவாக எண்ணெய் குடிக்கின்றன. மார்க்கத்தின் கணக்கு வேறு. ஆசனங்கள் பாதி காலியாயிருந்தாலும் எண்ணெய்ச் செலவு பாதியாகக் குறைவதில்லை. மேலெழும்பும் போதே எண்ணெய் அதிகம் எரிவதால், குறுகிய தூரத்தில் மைலுக்கு ஆகும் செலவு கூடுதல். ஆகவே விலை ஏறினால் கம்பெனி கைவிடுவது டில்லி-பம்பாய் மார்க்கத்தையன்று, சிற்றூர் மார்க்கத்தையே. 2018 மார்ச்சில் உடான் திட்டத்தில் துவங்கிய சென்னை-சேலம் விமானம் 2021-ல் நின்றது. 2023 அக்டோபர் வரை சேலத்து வியாபாரிகளுக்கு விமானமில்லை. அதற்கு எண்ணெய் ஒன்றே காரணமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஜனங்கள் நிரம்பாத மார்க்கத்தில் எண்ணெயின் பாரம் எவ்வளவு என்பதை யாரும் ஊகிக்கலாம்.

இந்நிலையில் சர்க்கார்கள் செய்வதென்ன? மத்திய சர்க்கார் 2018 அக்டோபரில் எக்ஸைஸ் வரியை 14-லிருந்து 11 சதவிகிதமாகக் குறைத்தது. அதன்மேல் ராஜ்யங்கள் வாட் வரி போடுகின்றன; தமிழ்நாட்டில் அது 29 சதவிகிதம் வரை சென்றது. விலையின் மேல் சதவிகிதக் கணக்கானபடியால், சந்தையில் விலை ஏறும்போது வரியும் தானே ஏறி, விழுந்தவன் முதுகில் மூட்டை ஏற்றுகிறது. உடான் நிலையங்களில் 1 சதவிகிதத்துக்கு மேல் வாட் கூடாதென்ற விதி உண்டு. ஆனால் பெரிய நிலையத்தில் ஏற்றும் எண்ணெய்க்கு அந்த விதி உதவாது.

விளைவு விசித்திரமானது. வரி குறைந்த இடத்தில் விமானிகள் தேவைக்கு மேல் நிரப்பிக்கொண்டு, வரி மிகுந்த இடத்துக்குச் சுமந்து செல்கிறார்கள். அந்தச் சுமையைத் தூக்கவே கூடுதல் எண்ணெய் எரிகிறது. வரி மிகுந்த ராஜ்யத்துக்கு விற்பனையும் இல்லை, வரியும் இல்லை. ஜம்மு-காஷ்மீர் 2021-ல் 26.5 சதவிகிதத்தை 1 சதவிகிதமாக்கியதும் அங்கே எண்ணெய் ஏற்றுவது வெகுவாகப் பெருகியதென்று அப்போதைய விமான மந்திரி ஜ்யோதிராதித்ய சிந்தியா கூறினார்.

ராஜ்யங்களின் அச்சத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. 2017-க்குப்பின் அவற்றின் சொந்தக் கையில் மிஞ்சியவற்றில் முக்கியமானவை பெட்ரோலியமும் மதுவும். அதையும் விட்டுவிட்டு டில்லியின் தயவை நாடச் சொல்வது நியாயமன்று. ஆனால் வரியை வைத்துக்கொண்டே அதைத் திருத்தலாமே. சேலம், தூத்துக்குடி போன்ற ஊர்களுக்குப் புறப்படும் விமானங்கள் சென்னையில் ஏற்றும் எண்ணெய்க்கு வாட் வரியை 1 சதவிகிதமாகக் குறைப்பதற்கு, கவுன்ஸிலின் அனுமதி வேண்டியதில்லை. அம்மார்க்கங்களைக் குறித்த காலம் நிறுத்தாமல் நடத்த ஒப்புக்கொண்ட கம்பெனிகளுக்கே அச்சலுகை தரவேண்டும். இல்லாவிடில் பணம் பங்குதாரர்களின் பைக்குப் போய்ச் சேரும். நிதி மந்திரி அடுத்த பட்ஜெட்டில் இதைச் செய்வாரா?