அமர ஆட்டமும் அவசர நீதிபதிகளும்

செஸ் பற்றிப் பேச்சு வந்தால் இப்போது ஒரு புதுவகைக் கெட்டிக்காரரைத் தவறாமல் சந்திக்க வேண்டியிருக்கிறது. ஆண்டர்சனின் 'அமர ஆட்டம்' என்று நாம் ஆரம்பித்த உடனே குறுக்கே வருவார். "அதுவா? ஸ்டாக்ஃபிஷ்ல போட்டுப் பாத்திருக்கீங்களா? பதினெட்டாவது மூவ் சரியில்ல. ரெண்டு பேருமே சொதப்பியிருக்காங்க. இதையா நூத்தம்பது வருஷமா தூக்கி வெச்சுக் கொண்டாடுறாங்க?" சொல்லிவிட்டு ஒரு சின்னச் சிரிப்பு சிரிப்பார். அந்தச் சிரிப்போடுதான் எனக்குச் சண்டை.

அவர் சொல்லும் தகவலில் பிழையில்லை. தகவலை வைத்துக்கொண்டு அவர் தீர்ப்பு எழுதுகிற விதத்தில்தான் பிழை.

முதலில் ஆட்டம். 1851 ஜூன் 21, லண்டன். உலகப் பொருட்காட்சியை ஒட்டி முதல் பெரிய சர்வதேசச் செஸ் போட்டி நடந்துகொண்டிருந்த நாட்கள். ஸ்ட்ராண்ட் தெருவில் சிம்ப்சன்ஸ் டிவான் என்ற இடம். செஸ் ஆடுகிறவர்கள் கூடிப் புகைத்து, காப்பி குடித்து, பொழுதைப் போக்குகிற கூடம். வெள்ளைக் காய்களுக்குப் பின்னால் அடால்ஃப் ஆண்டர்சன், பிரெஸ்லாவ் நகரத்துக் கணக்கு வாத்தியார். கறுப்புக்குப் பின்னால் லியோனல் கீசெரிட்ஸ்கி, பாரிஸின் கஃபே த லா ரெஜான்ஸில் காசுக்குச் செஸ் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தவர். போட்டியின் முதல் சுற்றிலேயே ஆண்டர்சனிடம் தோற்று வெளியேறியவர் அவர். இது போட்டிக் கணக்கில் வராத ஆட்டம். கோப்பையும் கிடையாது, கடிகாரமும் கிடையாது.

இரண்டாவது நகர்த்தலில் வெள்ளை ஒரு சிப்பாயைக் கொடுக்கிறது. மூன்றாவதில் கறுப்பு ராணி வெளியே வந்து செக் வைக்கிறது; வெள்ளை ராஜா நகர்ந்து கோட்டை கட்டும் உரிமையை இழக்கிறது. நான்காவதில் கறுப்பும் ஒரு சிப்பாயைக் கொடுக்கிறது. அந்தக் காலத்துப் பழக்கம் அப்படி. நீட்டியதை வாங்கிக்கொள்ளாவிட்டால் கோழை என்று பேர். பதினொன்றாவது நகர்த்தலில் பி5இல் நிற்கும் தன் பிஷப்பை அப்படியே விட்டுவிட்டு, யானையை ஜி1க்கு நகர்த்துகிறார் ஆண்டர்சன். பிஷப் போகிறது. பதிலுக்கு அவருடைய ஓரத்துச் சிப்பாய்கள் கறுப்பு ராணியை விரட்டத் தொடங்குகின்றன. ஜி6, திரும்ப ஜி5. ராணிக்கு மூச்சு முட்டுகிறது. அது தப்பிக்க ஒரு கட்டம் வேண்டுமே என்று, வெளியே வந்த குதிரையைப் பிறந்த வீடான ஜி8க்கே அனுப்புகிறார் கீசெரிட்ஸ்கி.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று எண்ணிப் பார்க்கலாம். கறுப்பின் முதல் இருபது நகர்த்தல்களில் எட்டு ராணியுடையவை. நான்கு அந்த ஒற்றைக் குதிரையுடையவை. அதுவும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்த பயணம். இரண்டு யானைகளும் ஒரு பிஷப்பும் கடைசி வரை அசையவே இல்லை. இன்னொரு குதிரைக்கு இருபதாவது நகர்த்தலில்தான் விடிகிறது. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், வட்டில் கிடக்கிறது, நினைவகத்தில் ஏறவில்லை. கிடங்கில் எவ்வளவு சரக்கு இருந்தால் என்ன?

பதினேழாவதில் கறுப்பு ராணி பி2 சிப்பாயைத் தின்கிறது. இப்போது வெள்ளையின் இரண்டு யானைகளும் அந்தரத்தில் தொங்குகின்றன. ஒன்றை ராணி பார்க்கிறது, மற்றதைப் பிஷப் பார்க்கிறது. ஆண்டர்சன் இரண்டையும் காப்பாற்றவில்லை. பிஷப்பை டி6இல் கொண்டுபோய் வைக்கிறார். நம் கெட்டிக்காரர் சிரிக்கிற பதினெட்டாவது நகர்த்தல் இதுதான். அந்தப் பிஷப்பைக் கறுப்புப் பிஷப்பால் வெட்ட முடியும். வெட்டினால் குதிரை அதே டி6இல் ஏறிச் செக் வைக்கும். அடுத்து எஃப்7 சிப்பாயை வெட்டி எஃப் வரிசையைத் திறக்கும். நான்கே நகர்த்தல்களில் ராணி எஃப்8இல் மேட் கொடுக்கும். எனவே கீசெரிட்ஸ்கி யானையை எடுக்கிறார். யார்தான் எடுக்க மாட்டார்கள்?

அடுத்தது வருகிறது பாருங்கள், ஆட்டத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது. பத்தொன்பதாவது நகர்த்தலில் ஆண்டர்சன் ஒரு சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளுகிறார். இ5. அது செக் இல்லை, எதையும் வெட்டவும் இல்லை. பிஷப் ஏற்கெனவே போய்விட்டது, ஒரு யானை போய்விட்டது, இன்னொரு யானை போகப்போகிறது. இந்த நிலைமையில் இந்த மனிதர் ஒரு சிப்பாயைத் தள்ளிக்கொண்டிருக்கிறார். ஆனால் பலகையின் மூலைவிட்டத்தைக் கண்ணால் தடவிப் பாருங்கள். கறுப்பு ராணி பி2இல் நின்றாலும் ஏ1இல் நின்றாலும், அதே கோட்டில் நீண்டு ஜி7ஐக் காவல் காத்துக்கொண்டிருந்தது. இ5 சிப்பாய் அந்தக் கோட்டின் குறுக்கே எழுப்பிய சுவர். இனிமேல் ராணி எத்தனை யானை தின்றாலும் அதற்கு வீட்டுக்கு வர வழியில்லை.

ராணி தின்கிறது. வெள்ளை ராஜா ஒரு படி மேலே ஏறுகிறது. குதிரை ஜி7இல் செக் வைத்தால் ராஜா டி8க்கு ஓடும், பிஷப் சி7இல் மேட் என்ற மிரட்டல் ஏற்கெனவே நிற்கிறது. அதைத் தடுக்கத் தூங்கிக்கொண்டிருந்த குதிரையை ஏ6க்கு எடுத்து சி7ஐக் காக்கிறார் கீசெரிட்ஸ்கி. சரி, சி7க்குப் பூட்டுப் போட்டாயிற்று. ஆண்டர்சன் இ7 வழியாக வருகிறார். அந்தக் கதவுக்குக் காவல் ஜி8 குதிரை, ராணிக்கு வழிவிடப் பின்வாங்கிப் போன அதே குதிரை. அதை நகர்த்த ஒரு விலை கொடுக்க வேண்டும். ராணியையே எஃப்6இல் வைத்துச் செக் சொல்கிறார். குதிரை வெட்டியே ஆக வேண்டும், வேறு வழியில்லை. வெட்டியதும் காவல் போயிற்று. பிஷப் இ7. மேட்.

மிச்சமிருக்கும் வெள்ளைப் பெருங்காய்கள் மூன்று: இரண்டு குதிரை, ஒரு பிஷப். ராஜாவின் ஒவ்வொரு கட்டத்தையும் இவை மூன்றுமாகப் பங்கு போட்டு அடைத்திருக்கின்றன. கறுப்பு மொத்தமாக இழந்தது மூன்று சிப்பாய்.

இப்போது நீதிபதிக்கு வருவோம். பதினெட்டாவதில் பிஷப் டி6 சிறந்த நகர்த்தல் இல்லை. டி4, பிஷப் இ3 போன்றவை இத்தனை செலவில்லாமல் ஜெயித்திருக்கும். உண்மை. பதிலுக்குக் கறுப்பு பிஷப்பால் யானையை எடுக்காமல், ராணியால் ஏ1ஐ எடுத்துவிட்டு உடனே பி2க்குத் திரும்பியிருந்தால் இன்னும் போராடியிருக்கலாம். அதுவும் உண்மை. ஆனால் இதை எந்த எஞ்சினும் கண்டுபிடிக்கவில்லை ஐயா. ராணி ஏ1ஐ எடுப்பதே மேல் என்று ஸ்டைனிட்ஸ் 1879இலேயே சொல்லிவிட்டார். கையில் பலகை, மண்டையில் மூளை, வேறு ஒன்றும் கிடையாது. இந்த ஆட்டத்தைக் கொண்டாடிய தலைமுறைகள் ஓட்டை தெரியாமல் கொண்டாடவில்லை. அவர்கள் ஏமாந்தவர்கள், தான்தான் விழித்துக்கொண்டவர் என்ற நினைப்பு, வரலாறு படிக்காததால் வருகிற நினைப்பு.

எஞ்சினைத் திட்டுவது என் வேலையில்லை. அது அற்புதமான பொறியியல்; அதன் நிரலைத் திறந்து பார்த்து மலைத்தவன் நான். ஆனால் அது பதில் சொல்கிற கேள்வி ஒன்றே ஒன்று: இந்த நிலையிலிருந்து இரண்டு தரப்பும் சிறந்ததையே ஆடினால் என்ன ஆகும்? சிம்ப்சன்ஸ் கூடத்தில் அப்படி யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அங்கே இருந்த கேள்வி வேறு. எதிரே இருக்கும் இந்த மனிதர் கண்முன் தொங்கும் யானையை எடுக்காமல் இருப்பாரா? பி2க்குத் திரும்பிப் போகிற, பார்க்க அசட்டுத்தனமான அந்த நகர்த்தல் அவர் மனதில் தோன்றுமா? ஆண்டர்சன் ஆடியது கீசெரிட்ஸ்கியோடு.

பழைய ஆட்டம் என்பதால் சலுகை காட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 1999 ஜனவரி, வைக் ஆன் சே. காஸ்பரோவ், டோபலோவ். இருபத்து நான்காவது நகர்த்தலில் காஸ்பரோவ் டி4இல் யானையைக் கொடுக்கிறார். டோபலோவ் அதை எடுக்காமல் ராஜாவை பி6க்கு நகர்த்தியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. எடுத்தார். அவருடைய ராஜா பலகை முழுக்கத் துரத்தப்பட்டு வெள்ளையின் முதல் வரிசை வரை நடந்தது. ஆக இதையும் குப்பையில் போடுவோமா?

நம் ஊர்க்காரர் ஆட்டத்துக்கே வருகிறேன். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், பதினான்காவது ஆட்டம். டிங் லிரென் ஐம்பத்தைந்தாவது நகர்த்தலில் யானையை எஃப்2க்கு வைத்தார். திரையோரத்தில் இருக்கும் அந்த மதிப்பீட்டுப் பட்டை சடாரென்று சரிந்தது. வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அத்தனை பேருக்கும் அந்த நொடியே தெரிந்துவிட்டது. குகேஷுக்குத் தெரியவில்லை. தனக்கு உடனே பிடிபடவில்லை என்று அவரே பிறகு சொன்னார். வேறெதையோ ஆடப்போன கை நிற்கிறது, அப்புறம் பார்க்கிறார். அந்த இடைவெளிதான் அன்றைய செஸ். பட்டையைப் பார்த்தவர்களுக்கு முடிவு முதலிலேயே கிடைத்துவிட்டது, அந்த இடைவெளி கிடைக்கவில்லை.

எதிர்முகாமையும் விட்டுவிட முடியாது. ராணி கொடுத்தார், ரெண்டு யானை கொடுத்தார், பிஷப் கொடுத்தார் என்று கொடுத்ததை மட்டும் பட்டியல் போட்டு உருகுகிறவர்கள். கல்யாண மொய் நோட்டு வாசிக்கிற மாதிரி. இதற்குத் 'தியாகம்' என்று வேறு பெயர் வைத்துவிட்டோம். கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பவன்தான் தியாகி. இவர் ராணியைக் கொடுத்து ராஜாவை வாங்குகிறார், இது வியாபாரம். கொடுத்த அளவில் அழகு இல்லை. கறுப்பு ராணியும் பிஷப்பும் ஏ1, ஜி1 என்று தூரத்து மூலைகளில் தின்றுகொண்டிருக்க, கறுப்பு ராஜாவைச் சுற்றி ஐந்து வெள்ளைக் காய்கள் வேலை செய்கின்றன. ஆண்டர்சன் கொடுத்த ஒவ்வொன்றும் எதிரிக் காய்கள் வீடு திரும்பும் நேரத்தை வாங்கியது. செஸ் புதிர்கள் உருவாக்கிப் புத்தகமே போட்டவர் அவர். குறைந்த காயில் மேட் கட்டுவது அவருக்குக் கைப்பழக்கம்.

பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவர்களிடம் மட்டும் ஒரு வேண்டுகோள். இந்த ஆட்டத்தைக் காட்டும்போது எஞ்சினை அணைத்துவிடுங்கள். கறுப்புப் பக்கம் உட்கார வையுங்கள். பதினெட்டாவதில் நிறுத்தி, "நீ என்ன ஆடுவே?" என்று கேளுங்கள். பத்து நிமிடம் கொடுங்கள். யானையை எடுக்கட்டும். அப்புறம் இ5 தள்ளுங்கள். எஞ்சினை மறுநாள் போட்டுக்கொள்ளலாம், அது எங்கேயும் ஓடிப்போகாது.

கடைசியாக, தோற்றவரைப் பற்றி. 'அமர' என்ற பட்டம் நான்கு வருடம் கழித்து, 1855இல், ஃபால்க்பீர் கொடுத்தது. ஆனால் இந்த ஆட்டத்தை முதலில் உலகுக்குக் காட்டியவர் ஆண்டர்சன் இல்லை. கீசெரிட்ஸ்கி பாரிஸில் 'லா ரெஜான்ஸ்' என்று ஒரு செஸ் பத்திரிகை நடத்தினார். போட்டியிலும் தோற்று, இந்தக் காப்பிக்கடை ஆட்டத்திலும் மூன்று சிறுகாய்களால் மேட் வாங்கி வந்தவர், நகர்த்தல்களைத் தாளில் எழுதி, 1851 ஜூலை இதழில் தன் பத்திரிகையிலேயே அச்சிட்டார். அதன் பிறகு அவர் இரண்டு வருடம்தான் உயிரோடு இருந்தார்.