பூனைக்காலிப் பொடியும் மூளையின் மகிழ்ச்சியும்

டோபமைன் என்பதற்கு ‘மகிழ்ச்சி ரசாயனம்’ என்னும் பெயர் நிலைத்துவிட்டது. அதனை இயற்கை முறையில் பெருக்கிக்கொள்ளும் வழிகளும் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களை நிறைத்துவிட்டன. வாழைப்பழம் உண்ணுங்கள், பனிக்கட்டி நீரில் குளியுங்கள், பூனைக்காலி விதைப்பொடியைப் பாலில் கலந்து அருந்துங்கள் என்கிறார்கள். வாழைப்பழத்தில் டோபமைன் இருப்பது உண்மையே. ஆயினும் குருதிக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பை அது கடப்பதில்லை. பழம் நல்லது, அவ்வளவுதான். குளிர்நீருக்குச் சான்றாகக் காட்டப்படும் அளவீடும் குருதியில் எடுக்கப்பட்டதே, மூளையில் அன்று. இதய நோயுள்ளவர்கள் திடீரெனக் குளிர்நீரில் இறங்குவது ஆபத்து என்பதை மட்டும் சொல்லி அதனைக் கடந்து செல்கிறேன்.

பூனைக்காலியைத்தான் அவ்வாறு கடந்து செல்ல இயலாது. ஏனெனில் அது உண்மையாகவே வேலை செய்கிறது.

அதன் விதையில் லெவோடோப்பா என்னும் பொருள் இருப்பதை 1937ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் தாமோதரனும் இராமசாமியும் பிரித்தெடுத்துக் காட்டினர். நூறு கிராம் விதையில் ஏறக்குறைய 4 முதல் 6 கிராம் வரை அது இருக்கக்கூடும். டோபமைனால் இயலாததை இப்பொருள் செய்கிறது: மூளைக்குள் நுழைந்து அங்கே டோபமைனாக மாறுகிறது. 1960களிலிருந்து நடுக்குவாத நோய்க்கு (பார்க்கின்சன்) மருத்துவர்கள் தருவதும் இதே லெவோடோப்பாதான். ஆகவே அப்பொடியை ‘சத்து மாவு’ என்று அழைப்பது பொருந்தாது. அளவு குறிக்கப்படாத ஒரு மருந்து அது. குமட்டல், எழுந்து நிற்கையில் தலைசுற்றல், குழப்பம், இல்லாதன தோன்றுதல் ஆகியவை அதன் அறியப்பட்ட விளைவுகள்.

இவ்விதையின் வலிமையை முன்னோர் அறிந்தே இருந்தனர். அகத்தியர் மலைப்பகுதியில் வாழும் காணிப் பழங்குடியினர் இவ்விதைகளைப் பலமுறை வேகவைத்து, ஒவ்வொரு முறையும் நீரை வடித்துக் கொட்டிய பிறகே உண்பர். மொசாம்பிக் நாட்டு மக்களும் வேகவைத்த நீரைக் கொட்டும் வழக்கமுடையவர்களே. 1989இல் போரும் பஞ்சமும் அந்நாட்டை வாட்டியபோது அவ்வழக்கம் தவறியது. இருநூறுக்கும் மேற்பட்டோர் மனநிலை பிறழ்ந்து மருத்துவ உதவியை நாட நேர்ந்தது. இன்று கடையில் கிடைக்கும் பொடியை யார் வேகவைத்து வடிக்கிறார்கள்?

இன்னொன்று. டோபமைன் தருவது மனநிறைவை விட வேட்கையையே என்பது இன்றைய ஆய்வாளர் பலரின் கருத்து. டோபமைனைப் போலச் செயற்படும் மாத்திரைகளை உண்ட நடுக்குவாத நோயாளிகளுள் சிலர் சூதாட்டத்திலிருந்து கையெடுக்க முடியாமல் தவித்த செய்தி மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளது. போதை என்றால் காத தூரம் விலகும் நம் இல்லங்களில், ‘மூலிகை’ என்றும் ‘ஹலால்’ என்றும் உறையில் எழுதிவிட்டால் வேறு கேள்வி எழுவதில்லை. திருமறை (2:168) ஹலாலுடன் ‘தய்யிப்’ என்பதையும் இணைத்தே சொல்கிறது. நல்லது, தூயது என்னும் அந்த இரண்டாம் சொல்லை உறையில் தேடிப் பார்ப்பவர் யார்?

சுபுஹுத் தொழுகைக்கு நடந்தே சென்று திரும்புவதும், இஷாவுக்குப் பின் கைப்பேசியை அணைத்துவிட்டு உறங்குவதும் மனத்தைத் தெளிய வைக்கும். நடையும் உறக்கமும் மனச்சோர்வைத் தணிக்க உதவுவதற்கு நல்ல சான்றுகள் உள்ளன. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்பதால்தானோ என்னவோ இவற்றை யாரும் பொட்டலமிட்டு விற்பதில்லை.

வாப்பாவோ உம்மாவோ இரத்த அழுத்தத்திற்கும், மனச்சோர்வுக்கும், மனநோய்க்கும் மாத்திரை உண்பவராயின் இப்பொடியை மருத்துவரிடம் கேட்காமல் கொடுக்க வேண்டாம். சிலவகை மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்ந்தால் இரத்த அழுத்தம் அபாயகரமாக ஏறக்கூடும். மனநோய் மாத்திரைகள் டோபமைனைத் தடுப்பவை, இப்பொடியோ அதனைப் பெருக்குவது. நடுக்குவாதத்திற்காக நெடுநாளாக இப்பொடியை உண்டு வருபவர் இதைப் படித்துவிட்டு இன்றே நிறுத்திவிடவும் கூடாது. லெவோடோப்பாவைத் திடீரென நிறுத்தினால் கடுங்காய்ச்சலும் உடல் விறைப்பும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். பொடிப் பொட்டலத்தைக் கையோடு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள். அளவைக் குறைக்கும் முறையை அவர் சொல்வார்.