நாற்காலி எவன் வீட்டுச் சொத்து?

'தச்சு வேலையா? நாம என்ன ஆசாரியா?'

படிப்பகத்துக்கு வேண்டிய பெஞ்சு, மேசைகளை நாமே செய்துகொள்ளலாம் என்று கோரிப்பாளையத்தில் நாலைந்து பேர் கூடிப் பேசியபோது ஒரு தோழர் கேட்ட கேள்வி இது. கேட்டவர் எம்.ஏ. படித்தவர். சாதி ஒழிப்பு பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவர். 'நாலு பிளாஸ்டிக் சேர் வாங்கிப் போட்டா முடிஞ்சது, இதுக்குப் போயி ரம்பம், உளின்னுக்கிட்டு' என்றார் இன்னொருவர். இரண்டையும் சும்மா விட முடியாது. முதல் வாக்கியத்துக்குள் மனு சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். இரண்டாவதற்குள் சந்தை உட்கார்ந்திருக்கிறது. நாம்தான் இன்னும் நின்னுக்கிட்டு இருக்கோம்.

முதலில் உட்காருவதைப் பற்றிப் பேசுவோம். உட்காருவது என்பது இந்த நாட்டில் உடம்பு சம்பந்தப்பட்ட காரியம் இல்லை. சாதி சம்பந்தப்பட்ட காரியம். கட்டிலில் படுத்துக் கிடந்த கிழவன்கூட ஊர்க்காரன் சேரிக்குள் நுழைந்தால் எந்திரிக்க வேண்டும். டீக்கடை பெஞ்சு அவனுக்கு, தரை நமக்கு. சத்தாராவில் பள்ளிக்கூடம் படித்த அம்பேத்கர் உட்காருவதற்கு ஒரு சாக்குத் துணியை வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டியிருந்தது. பள்ளியைக் கூட்டுகிற ஆள் அதைத் தொடமாட்டான் என்பதால் சாயங்காலம் அதைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வரவேண்டும். அவரே எழுதி வைத்திருக்கிறார். இந்தியாவின் சட்ட அமைச்சரானவர் சிறுவயதில் சொந்தமாகக் கொண்டுவந்த 'ஃபர்னிச்சர்' அந்தச் சாக்குதான்.

1957 செப்டம்பர் 10இல் முதுகுளத்தூர் சமாதானக் கூட்டத்தில் இம்மானுவேல் சேகரன் சரிசமமாக உட்கார்ந்து சரிசமமாகப் பேசினார் என்பது தென்மாவட்ட மக்களின் நினைவில் அழியாமல் நிற்கிறது. மறுநாள் பரமக்குடியில் அவரை வெட்டிக் கொன்றார்கள். பழைய கதை என்பீர்கள். 2018 மே 28இல் சிவகங்கை மாவட்டம் கச்சநத்தத்தில் மூன்று பேரை வெட்டிச் சாய்த்தார்களே, அந்தத் தகராறின் பின்னணியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததும் ஒன்று என்று அன்றைக்கே செய்தி வந்தது. 2022இல் 27 பேருக்கு ஆயுள் தண்டனை விழுந்தது. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சிமன்றத் தலைவரைத் தரையில் உட்காரவைத்துக் கூட்டம் நடத்தினார்கள். உறுப்பினர்களுக்கு நாற்காலி. ஓட்டு வாங்கி ஜெயித்த தலித் பெண்ணுக்குத் தரை. புகைப்படம் வெளியே வந்த பிறகுதான் அரசுக்குக் கண் தெரிந்தது, வழக்குப் போட்டது.

இதையெல்லாம் விட ஒன்று என்னைத் தூங்கவிடாமல் செய்வது உண்டு. 2019 ஏப்ரலில் உத்தரகாண்டின் தெஹ்ரி கர்வால் மாவட்டத்தில் ஒரு கல்யாண விருந்து. ஜிதேந்திர தாஸ் என்ற தலித் இளைஞர், சாதி இந்துக்கள் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டார் என்பதற்காக அடிக்கப்பட்டார். ஒன்பது நாள் கழித்துச் செத்துப்போனார். அவர் என்ன வேலை செய்து வீட்டைக் காப்பாற்றினார் தெரியுமா? தச்சு வேலை.

எனவே உளி பிடித்தால் விடுதலை வந்துவிடும் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. நாற்காலி செய்யத் தெரிந்தவனையே நாற்காலியில் உட்கார்ந்தான் என்று கொல்கிற தேசம் இது. 'கைத்தொழில் கற்றுக்கொள், மேன்மை தானாக வரும்' என்று ஆசிரமங்களில் காலகாலமாக ஓதப்படும் மந்திரத்துக்கு ஜிதேந்திர தாஸின் பிணம் பதில் சொல்லிவிட்டது.

தரையில் சப்பணமிட்டு உட்காருவதுதான் நம் பண்பாடு, மேசை நாற்காலி வெள்ளைக்காரன் கொண்டுவந்த வியாதி, தரையில் உட்கார்ந்து சாப்பிட்டால் ஜீரணம் நன்றாக ஆகும் என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. ஆகட்டும். தாராளமாக ஜீரணம் ஆகட்டும். எவன் தரை, யார் சொல்லி உட்காருகிறேன் என்பதுதான் கேள்வி. வீட்டில் நாலு சோபாவைப் போட்டுவிட்டுத் தரையில் உட்காருகிறவனுக்கு அது யோகாசனம். சோபாவே கூடாது என்று உட்காரவைக்கப்பட்டவனுக்கு அது தண்டனை.

இன்னொன்றையும் கவனியுங்கள். கலவரம் என்று வந்தால் நம் உயிருக்கு அடுத்தபடி அவர்கள் குறிவைப்பது நம் சாமான்களை. 1995 ஆகஸ்ட் 31இல் கொடியங்குளத்தில் போலீஸ் நுழைந்தபோது டி.வி., மின்விசிறி, தையல் மெஷின், சைக்கிள் என்று பார்த்துப் பார்த்து உடைத்தது. வெளிநாடு போய்ச் சம்பாதித்த குடும்பங்கள் நிறைந்த கிராமம் அது. பாஸ்போர்ட்டைக்கூட விட்டுவைக்கவில்லை. 2012 நவம்பர் 7இல் தருமபுரி நத்தம் காலனியிலும் அப்படித்தான்; பீரோவை உடைத்தார்கள், மோட்டார் சைக்கிளையும் சான்றிதழையும் கொளுத்தினார்கள். சேரி வீட்டுக்குள் ஒரு மேசை நிற்பது, அதன்மேல் ஒரு பிள்ளை புத்தகம் வைத்துப் படிப்பது அவன் கண்ணை உறுத்துகிறது. நமக்கு அதன் அருமை தெரியாவிட்டாலும் அடிக்கிறவனுக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது 'நாம என்ன ஆசாரியா' என்ற கேள்விக்கு வருவோம். இல்லை. அதனால்தான் செய்யச் சொல்கிறேன்.

தோல் உனக்கு, பறை உனக்கு, பிணம் உனக்கு. மரம் அவனுக்கு, பொன் இன்னொருவனுக்கு, வேதம் எனக்கு என்று பங்கு போட்டவன் எவன்? தொழிலைப் பிறப்போடு ஆணியடித்து வைத்ததுதானே சாதி. 1953இல் ராஜாஜி ஆரம்பப் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்றார். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வாங்கி, தமிழ்நாடே எதிர்த்து, 1954இல் காமராஜர் ஆட்சியில் குழிக்குள் போனது. போனது என்று நினைத்தோம். 2023 செப்டம்பர் 17இல் 'பிஎம் விஸ்வகர்மா' என்று டெல்லியிலிருந்து எழுந்து வந்தது. 18 தொழில்கள். தச்சர், கொல்லர், பொற்கொல்லர், குயவர், செருப்புத் தைப்பவர், முடி திருத்துபவர், சலவை செய்பவர்... வருண வரிசையை மனப்பாடமாக ஒப்பிக்கிற பட்டியல். குரு-சிஷ்ய பரம்பரையை வளர்க்கப் போகிறார்களாம். குடும்பத் தொழில் வழியாக வந்தவனுக்கு 5 சதவீத வட்டியில் மூன்று லட்சம் வரை கடன், கருவி வாங்க 15,000 ரூபாய். பதினெட்டு வயதுப் பிள்ளை காலேஜுக்கு விண்ணப்பம் போடுகிற நேரத்தில் அப்பன் தொழிலுக்குக் கடன் விண்ணப்பத்தை நீட்டுகிறார்கள். வங்கியில் வேலை பார்ப்பவன் என்பதால் சொல்கிறேன்: ஒரு விண்ணப்பப் படிவம் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் எந்தக் கட்டத்தில் என்ன கேட்கிறது என்று பார்க்க வேண்டும். குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை எடு, குறைந்தபட்ச வயதை 35 ஆக்கு என்று தமிழ்நாடு அரசு கேட்டது. டெல்லி அசையவில்லை. 2024இல் தமிழ்நாடு அதை மறுத்துவிட்டு, கலைஞர் கைவினைத் திட்டம் என்று சாதி பார்க்காத வேறொன்றை அறிவித்தது. அந்த மறுப்பு சரி.

ஆனால் குலத்தொழிலை எதிர்ப்பதும் கைவேலையை வெறுப்பதும் ஒன்றல்ல. நம் படித்த தோழர்கள் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். பேனா பிடித்த கை உளி பிடித்தால் கீழே இறங்கிவிடும் என்று நினைப்பது நம் சொந்தப் புத்தி இல்லை. அக்கிரகாரத்திலிருந்து இரவல் வாங்கிய புத்தி. அப்பன் செய்ததை மகன் செய்தால் குலத்தொழில். வக்கீலுக்குப் படிக்கிற சேரிப் பெண் ஞாயிற்றுக்கிழமை இழைப்புளி பிடித்துத் தன் மேசையைத் தானே இழைத்தால் அதற்குப் பெயர் என்ன? மனுவின் பட்டியலில் அதற்கு இடமே கிடையாது.

பிளாஸ்டிக் சேர்க்காரருக்கு ஒரு வார்த்தை. பிளாஸ்டிக் நாற்காலியை நான் இழிவாகப் பேசமாட்டேன். பண்ணையாரின் கைப்பிடி வைத்த தேக்கு நாற்காலிக்கு இருந்த திமிர் அதற்கு இல்லை. எல்லோருக்கும் ஒரே அச்சு. ஆனால் டீக்கடையில் பிளாஸ்டிக் கப் வந்ததும் ரெட்டைக் குவளை ஒழிந்தது என்று குதித்தோமே, என்ன ஆயிற்று? குவளையைக் கழுவ வேண்டிய சங்கடத்திலிருந்து கடைக்காரன் தப்பித்தான், அவ்வளவுதான். வாங்கிப் போட்ட நாற்காலி ஒரு காலை உடைத்துக்கொண்டால் குப்பைக்குப் போகும். நாம் செய்த பெஞ்சின் கால் ஆடினால் நாமே கழற்றி மாட்டுவோம்.

சரி, எப்படிச் செய்வது? ரம்பம் ஒன்று, இழைப்புளி ஒன்று, அரை அங்குலமும் ஒரு அங்குலமுமாக இரண்டு உளி, கொட்டாப்புளி, மூலைமட்டம், டேப். இதற்கு மேல் ஆரம்பத்தில் தேவையில்லை. மரத்துக்கு டெப்போ பக்கம் போகாதீர்கள். பச்சை மரத்தை உங்கள் தலையில் கட்டிவிட்டால் ஒரு வெயில் காலத்தில் கோணிக்கொண்டு நிற்கும். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் நிழலில் காய வேண்டும் என்பது பழைய கணக்கு. வேம்பு நல்ல மரம், கசப்புக்குப் பூச்சி அண்டாது, ஆனால் காயாமல் தொட்டால் முறுக்கிக்கொள்ளும். மா மரம் மலிவு, வண்டு துளைத்துவிடும். இடித்த வீட்டுச் சாமான் விற்கும் கடைதான் நமக்குச் சரி. காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளுக்கு பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாகத் தேக்கு வந்தது. அந்த வீடுகள் இடிபடும்போது நிலையும் உத்திரமும் கதவும் விலைக்கு வருகின்றன. அறுபது, எழுபது வருஷம் காய்ந்த கட்டை. நம் பாட்டன் வாசல்படி மிதிக்க முடியாத வீட்டின் நிலைக்கதவை அறுத்து அதன்மேல் நம் பிள்ளைகள் உட்காரட்டும். இழைக்கும் முன்னால் பழைய ஆணியை எல்லாம் பிடுங்கிவிட வேண்டும், இல்லையென்றால் இழைப்புளி வாய் போய்விடும். அதற்கும் காசில்லையா, பார்சல் வருகிற பைன் பலகைத் தட்டுகள் இருக்கின்றன. அதில் எச்.டி. என்று முத்திரை இருந்தால் சூடேற்றிப் பூச்சி கொன்ற மரம், எடுத்துக்கொள்ளலாம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற விஷப்புகை போட்டது. தொடாதீர்கள்.

ஆணி அடித்துச் சேர்ப்பது சேர்மானமே இல்லை, ஆறு மாதத்தில் ஆடும். காலில் துளை, குறுக்குச் சட்டத்தின் முனையில் அதற்கேற்ற கழுந்து. கட்டையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு கழுந்துக்குப் போதும். துளையை முதலில் வெட்டிவிட்டுக் கழுந்தை அதற்குப் பொருத்தமாகச் செதுக்குங்கள், கையால் தள்ளினால் இறுக்கமாகப் போக வேண்டும், கொட்டாப்புளியால் ஓங்கி அடித்துப் புகுத்தினால் கால் பிளந்துவிடும். பசை தடவியபின் இறுக்கிப் பிடிக்கும் இரும்புச் சாமானெல்லாம் வேண்டாம். இரண்டு சுற்றுக் கயிறு கட்டி நடுவில் ஒரு குச்சியை விட்டு முறுக்கினால் போதும், மறுநாள் காலை அவிழ்க்கலாம். எழுதும் மேசைக்கு 29, 30 அங்குலம் உயரம். பெஞ்சுக்குப் பதினேழு, பதினெட்டு.

பெஞ்சின் உயரத்தை யாருடைய முழங்காலை வைத்து அளக்கிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருக்கிற ஒரே நாற்காலி யாருக்கு, தோழர்களே? தெற்குத் திட்டைக்காகப் போஸ்டர் ஒட்டிவிட்டு வீட்டுக்கு வந்து அந்த ஒரே நாற்காலியில் சாய்கிற தோழர் எத்தனை பேர்? தட்டோடு தரையில் உட்கார்ந்திருக்கிற அம்மாவும் மனைவியும் யார்? இதே மதுரைத் துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நாளெல்லாம் கால் வீங்க நின்ற பெண்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவர, கேரளாவில் 2018உம் தமிழ்நாட்டில் 2021உம் ஆகவேண்டியிருந்தது. உட்காருவதற்குக்கூடச் சட்டம்! அதனால் அவர்கள் முழங்கால் மடிப்பை அளந்து பெஞ்சு செய்யுங்கள். உளியையும் அவர்கள் கையில் கொடுங்கள்.

இதை வைத்து அரசாங்கம் தப்பித்துவிடக் கூடாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். 'அவங்களே பெஞ்சு செஞ்சுக்கிறாங்களாம், பிறகென்ன' என்று ஒரு அதிகாரி சொல்வதற்கு நாம் இடம் தரக்கூடாது. தலைவரின் நாற்காலி அரசு போட வேண்டியது. சேரிப் பள்ளியின் பெஞ்சு அரசு போட வேண்டியது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் அந்த நாற்காலிக்குத் தேர்தலே நடத்த முடியாமல் 1996இலிருந்து 2006 வரை பத்து வருஷம் போனது. மேலவளவில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முருகேசனையும் கூட இருந்த ஐந்து பேரையும் 1997 ஜூன் 30இல் வெட்டிக் கொன்றார்கள். அங்கே நம் கையால் செய்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போவது பதிலாகாது. அது மறுபடியும் சத்தாரா சாக்குதான். படிப்பகமும் வீடும் தெருவும் வேறு. அங்கே நாமே செய்வோம்.

மெருகு பற்றிக் கடைசியாக. உப்புத்தாளை 80இல் தொடங்கி 120, 180, 220 என்று ஏற்றி, மரத்தின் ரேகை ஓடுகிற திசையிலேயே தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் கீறல் பாலிஷுக்குள்ளிருந்து சிரிக்கும். வீட்டுக்குள் இருக்கும் மேசைக்கு அரக்குப் பாலிஷ். ஜார்க்கண்ட் காடுகளில் ஆதிவாசிகள் கிளையிலிருந்து சுரண்டி எடுக்கிற அரக்கு, ஸ்பிரிட்டில் ஊறிக் கரைந்து நம் மேசைக்கு வருகிறது. பருத்தித் துணிப் பொட்டலத்தில் நனைத்து மெல்லிசாக ஆறேழு தடவை. அடுப்புப் பக்கம் வேண்டாம், ஸ்பிரிட் தீப்பிடிக்கும். ஆளிவிதை எண்ணெய் தடவுகிறவர்கள் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். தண்ணீரில் ஊறவைத்துவிட்டு விரித்துக் காயப்போடுங்கள்.

ஆனால் முதல் பெஞ்சை வீட்டுக்குள் போடாதீர்கள். ஊர்க்காரன் வண்டியில் போகிற வழியில், சேரி முகப்பில், பஸ் நிற்கிற இடத்தில் போடுங்கள். அதற்கு அரக்கு ஆகாது, மழைத்தண்ணீர் பட்டால் வெளுத்துப்போகும். பிரைமர் ஒரு கோட்டு, அதன்மேல் நீல எனாமல் இரண்டு கோட்டு. கால்களின் அடிப்பக்கத்துக்கு மூன்று கோட்டு அடியுங்கள், தண்ணீர் ஏறுவது அங்கேதான். ஒரு கோட்டு காய்வதற்கு ஒரு நாள் முழுசாக விடவேண்டும்.