கெடுவும் கெஞ்சலும்

“ஐயா, என் கட்டுரையைச் சமர்ப்பிக்க மேலும் ஒரு வாரம் தவணை தந்தருளுமாறு தங்களைப் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிந்துள்ள...”

யார் வரைந்த மடல் இது? குத்தகை நெல்லைக் குறித்த நாளில் அளக்க முடியாத உழவன் மிராசுதாரருக்கு வரைந்ததா? வட்டிப் பணம் கட்ட வழியற்ற ஏழை லேவாதேவிக்காரனுக்கு வரைந்ததா? இல்லை, தோழர்களே! கல்லூரியிலே பயிலும் மாணவியொருத்தி தன் பேராசிரியருக்கு வரையும் மடல் இது. அவள் கேட்பது பொன்னா? பொருளா? பத்துப் பக்கக் கட்டுரையொன்றை முடித்துத் தர ஏழே நாட்கள்!

அவளை நீங்கள் அறிவீர்கள். உங்கள் தெருவிலே இருக்கிறாள்; உங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும். அவள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் அவள். தாய் அரசு மருத்துவமனையில் படுத்திருக்கிறாள். பகலில் வகுப்பு, இரவில் தாயின் கட்டிலருகே காவல், விடியலில் தம்பி தங்கையர்க்குச் சோறு. இவற்றுக்கு நடுவே திங்கட்கிழமை காலைக்குள் கட்டுரை வந்தாக வேண்டும். ஆசிரியர் அறையின் வாயிலில் நிற்கிறாள். உள்ளே போகலாமா, கூடாதா? கேட்கலாமா, கேட்டால் கோபிப்பாரா? கால் மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறாள். மடல் பையிலேயே கசங்குகிறது.

அதே வகுப்பில் இன்னொரு மாணவன். அவனுக்கு நோயும் இல்லை, நொடியும் இல்லை. அவன் தந்தையும் துறைத் தலைவரும் ஒன்றாகப் படித்தவர்கள். “பையன் வெளியூர் போயிருக்கிறான், ரெண்டு நாள் கழித்துத் தருவான்” என்று தொலைபேசியில் ஒரு சொல். முடிந்தது! அவன் மடல் எழுதவில்லை, வாயிலில் நிற்கவில்லை, ‘கீழ்ப்படிந்துள்ள’ என்று கையெழுத்திடவில்லை. ஆனால் தவணை கிடைத்தது அவனுக்கே.

நேர்மையாளர்களே, சொல்லுங்கள்! இங்கே அளக்கப்பட்டது அறிவா? உழைப்பா? ஒழுங்கா? கேட்கும் துணிவு யாருக்குப் பிறப்போடு வந்தது, யாருக்கு வரவில்லை என்பது மட்டுமே அளக்கப்பட்டது. எனவே நாம் சொல்கிறோம்: கூடுதல் காலம் என்பது கருணையாக இருக்கும்வரை, அது இருப்பவனுக்கே போய்ச் சேரும். அது எழுதப்பட்ட விதியாக வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த உரிமையாக வேண்டும்.

கெடு என்பது என்ன? கோள்கள் கூடிக் குறித்த முகூர்த்தமா? நள்ளிரவு பன்னிரண்டுக்கு ஒரு நிமிடம் முன்னே வந்த கட்டுரை அறிவுடையது, ஒரு நிமிடம் பின்னே வந்த கட்டுரை அறிவற்றது என்று ஆகிவிடுமா? இராகு காலத்தையும் எமகண்டத்தையும் எள்ளி நகையாடும் பகுத்தறிவாளன், பல்கலைக்கழகம் குறித்த நாழிகையை மட்டும் காரணம் கேளாமல் வணங்கலாமா? கெடுவுக்குக் காரணம் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். திருத்த ஆசிரியருக்கு நாள் வேண்டும். அடுத்த பாடம் தொடங்க வேண்டும். மதிப்பெண் பட்டியல் போய்ச் சேர வேண்டும். இவை நல்ல காரணங்கள், ஏற்கிறோம். ஆனால் அக்காரணங்களுக்கு ஊறு நேராதபோதும் ‘நாள் கடந்தது, சுழி’ என்றால், அது ஒழுங்கன்று, சடங்கு!

ஆங்கிலத்தில் கெடுவுக்கு வழங்கும் ‘டெட்லைன்’ என்ற சொல்லின் வரலாற்றைக் கேளுங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864-இல், ஜார்ஜியா மாநிலத்து ஆண்டர்சன்வில் என்னுமிடத்தில் தென்னவர் ஒரு சிறைக்கூடம் அமைத்தனர். சுற்று மதிலுக்கு உள்ளே சில அடி தள்ளி ஒரு வேலி. அதைத் தாண்டிய கைதியைக் காவலர் சுட்டுக் கொல்லலாம். அந்த வேலிக்கு இட்ட பெயரே ‘சாவுக்கோடு’! அச்சிறையில் அடைபட்ட சுமார் 45,000 பேரில் ஏறத்தாழ 13,000 பேர் பட்டினியாலும் பிணியாலும் மாண்டனர். போர் முடிந்ததும் சிறைத் தலைவன் 1865-இல் தூக்கிலிடப்பட்டான். வேலி போயிற்று; சொல் நின்றது. அச்சகத்துக்கும் அலுவலகத்துக்கும் வந்து, கல்லூரிக்கும் வந்து சேர்ந்தது. சொல் வந்தது போகட்டும், சிறைக் காவலனின் மனமுமா கூடவே வரவேண்டும்?

‘ஒரு கட்டுரைக்கு இவ்வளவு பேச்சா?’ என்பார் சிலர். கணக்கைப் பாருங்கள். நம் கலை, அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் 100 மதிப்பெண்ணுக்கு 25 அகமதிப்பீட்டுக்கு உரியது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் எழுத்துப் பாடங்களுக்கு அது 40. பருவத் தேர்வுத் தாளைத் திருத்துபவருக்கு அதை எழுதியவர் யாரெனத் தெரியாது. அங்கே பெயர் மறைகிறது, ஊர் மறைகிறது, சாதி மறைகிறது. அகமதிப்பெண்ணோ முகம் பார்த்து இடப்படுவது. கெடு நீட்டிப்பும் முகம் பார்த்துத் தரப்படுவது. முகம் பார்க்கும் இடத்தில் எல்லாம் நாம் விழிப்பாக இருக்க வேண்டும் என்பதற்கு வரலாறு வேண்டுமா? தில்லி எய்ம்ஸ் மருத்துவ நிறுவனத்தைப் பற்றித் தோரட் குழு 2007-இல் தந்த அறிக்கையைப் படியுங்கள். ஆசிரியரின் துணை தமக்குப் போதிய அளவு கிட்டவில்லை என்றும், நேர்முக, செய்முறைத் தேர்வுகளில் வேற்றுமை காட்டப்படுகிறது என்றும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர் பலர் அக்குழுவிடம் முறையிட்டனர்.

கேட்பதற்கும் வகுப்பு உண்டு, தோழர்களே! அமெரிக்கச் சமூகவியலாளர் ஜெசிக்கா கலார்கோ பள்ளிப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் கூர்ந்து நோக்கி 2018-இல் ஒரு நூல் வெளியிட்டார். வசதியான வீட்டுப் பெற்றோர், ‘தயங்காதே, ஆசிரியரிடம் கேள்’ என்று பிள்ளையைப் பழக்குகின்றனர். உழைப்பாளி வீட்டுப் பெற்றோர், ‘ஆசிரியருக்குத் தொல்லை தராதே, உன் பாட்டை நீயே பார்’ என்று பழக்குகின்றனர். இரண்டாவது அறிவுரையே மானமுள்ளது. ஆனால் முதல் அறிவுரைக்கே பள்ளி பரிசளிக்கிறது என்பது அவர் கண்டது. 2021-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வந்த ஆய்வொன்று, தள்ளிவைக்கக்கூடிய கெடு என்று தெரிந்த நிலையிலுங்கூட ஆண்களைவிடப் பெண்களே கூடுதல் காலம் கேட்கத் தயங்குகின்றனர் என்று காட்டிற்று. காலம் கேட்பதற்கு முறையான விதி இருக்குமிடத்தில் அத்தயக்கம் குறைகிறது என்றும் அவ்வாய்வே கூறிற்று. நம் வாயிலில் நின்று திரும்பிய மாணவியை அவர்கள் பார்த்ததில்லை. ஆயினும் அவளைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள்!

கருணை முறை இன்னொரு கேட்டையும் விளைக்கிறது. அது பொய்யை வளர்க்கிறது. ‘இரவு வேலைக்குப் போகிறேன், அதனால் முடிக்கவில்லை’ என்று உண்மை சொன்னவனுக்கு ஏளனம்; ‘பாட்டி இறந்துவிட்டாள்’ என்றவனுக்கு ஏழு நாள்! ஒரே பாட்டி மூன்றாண்டில் நான்கு முறை இறக்கும் விந்தையை எந்தக் கல்லூரியில் கேட்டாலும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சிரிக்கத்தக்கதா இது? காய்ச்சல் வராதவன் காய்ச்சலுக்குச் சான்றிதழ் தேடி அலைகிறான். உண்மையிலேயே பாட்டியை இழந்தவள், ‘நம்புவார்களோ’ என்று அஞ்சி அழுகிறாள். பொய்யனை வாழவைத்து மெய்யனை நாணவைக்கும் முறைக்கு ஒழுக்கம் என்று பெயரா?

‘கெடுவைத் தளர்த்தினால் ஒழுங்கு குலையும், உலகம் இப்படியா நடக்கிறது?’ என்று கேட்போர் உளர். உலகம் எப்படி நடக்கிறது என்று காட்டுகிறோம், வாருங்கள்! வருமான வரிக் கணக்குத் தர 2025-ஆம் ஆண்டின் கெடு ஜூலை 31. அது செப்டம்பர் 15 ஆயிற்று. பிறகு ஒரு நாள் கூட்டி 16 ஆயிற்று. எந்த வணிகர் ‘கீழ்ப்படிந்துள்ள’ என்று கையெழுத்திட்டார்? பான் அட்டையை ஆதாரோடு இணைக்கும் கெடு 2017-இலிருந்து தள்ளித் தள்ளி 2023 ஜூன் 30 வரை வந்தது. 2021-இல் எடுத்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பே 2027-க்குப் போயிற்று. ஆறாண்டு நீட்டிப்பு! பேரரசு நாள் தவறினால் அது நிருவாகம். ஏழை வீட்டுப் பெண் நாள் தவறினால் அது ஒழுங்கீனம்!

‘ஒருவருக்குத் தந்தால் மற்றவருக்கு அநீதி’ என்பது அடுத்த வாதம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை நீரில் அமிழ்த்தியபோது பல்கலைக்கழகத் தேர்வுகள் தள்ளிவைக்கப்பட்டன. அநீதி என்று எவரும் கூவவில்லை. ஊர் முழுவதும் வெள்ளம் வந்தால் நாள் நகர்கிறது. ஒரு வீட்டுக்குள் மட்டும் வெள்ளம் வந்தால் நகர மறுக்கிறது. தனித்துத் துயருறுபவளுக்கு, ஊரோடு துயருறாததே குற்றமா? எல்லோருக்கும் ஒரே நாள் என்பது, எல்லோருக்கும் ஒரே வீடு, ஒரே வேளைச் சோறு, ஒரே மேசை விளக்கு இருக்கும் நாட்டில் நீதி. இங்கே அது சமத்துவத்தின் முகமூடி.

புதிதாக ஒன்றையும் நாம் கேட்கவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம், தேர்வில் கூடுதல் நேரம் உள்ளிட்ட மாற்றங்களைச் செய்து தருவதைக் கடமையாக விதிக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி முனைவர் பட்ட ஆய்வுக்கு உச்ச வரம்பு 6 ஆண்டு; மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டு; பெண்களுக்கும், 40 விழுக்காட்டுக்கு மேல் குறைபாடுடைய மாற்றுத்திறனாளருக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டு; பெண் ஆய்வாளருக்கு மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்கென 240 நாள் வரை விடுப்பு. ஆய்வாளருக்கு ஆண்டுக்கணக்கில் அளக்கத் தெரிந்த நாட்டுக்கு, இளங்கலை மாணவிக்கு நாட்கணக்கில் அளக்கத் தெரியாதா? இங்கிலாந்திலும் வேல்சிலும் மாணவர் முறையீடுகளை விசாரிக்கும் தனி அமைப்பு 2020 டிசம்பரில் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. எதற்கெடுத்தாலும் சான்றிதழ் கேட்பதை விடுத்து, பொருத்தமான இடங்களில் மாணவர் சொல்லையே சான்றாக ஏற்கலாம் என்பது அது காட்டும் வழி.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. பருவத் தொடக்கத்திலேயே ஒவ்வொரு ஒப்படைப்புக்கும் கெடுவையும், அதை நீட்டிக்கும் விதியையும் அச்சிட்டுக் கையில் கொடுங்கள். ஒவ்வொரு மாணவருக்கும் பருவத்துக்கு ஐந்து நாட்கள், காரணம் கேளாத நாட்களாக இருக்கட்டும். அதற்கு மேல் வேண்டுமாயின் நோய், இழப்பு, மகப்பேறு, பிழைப்பு ஆகியவற்றை ஏற்கத்தக்க காரணங்களாக எழுதி வையுங்கள். முடிவு செய்பவர் மதிப்பெண் இடும் ஆசிரியராக இருத்தல் கூடாது. தனி அலுவலர் இரண்டு நாளில் எழுத்தில் விடை தரட்டும். மறுத்தால் காரணம் சொல்லட்டும். மேல்முறையீட்டுக்கு வழி இருக்கட்டும். விதியையும் மீறித் தாமதித்தால் நாளுக்குச் சிறிது மதிப்பெண் குறையுங்கள். ஒரே வெட்டில் சுழியாக்காதீர்கள்.

ஆசிரியத் தோழர்களுக்கு ஒரு சொல். உங்கள் மீது நமக்குப் பகையில்லை. அறுபது எழுபது கட்டுரைகளைச் சுமந்து வீட்டுக்குப் போகும் உங்கள் இரவை நாம் அறிவோம். தொகுப்பூதியத்தில் காலம் தள்ளும் கௌரவ விரிவுரையாளரின் அல்லலையும் அறிவோம். யார் அழுவது மெய், யார் அழுவது நடிப்பு என்று தீர்ப்பளிக்கும் வேலையை உங்கள் தலையில் கட்டியது யார்? விதி வந்தால் அந்தச் சுமை உங்களை விட்டும் இறங்கும்.

மாணவத் தோழர்களே, இறுதியாக உங்களுக்கு. விதி வரும்வரை வாயிலில் நின்று திரும்பாதீர்கள். கெடு கடந்த மறுநாள் போகாதீர்கள், முன்னதாகப் போங்கள். மூன்று வரி போதும்: காரணம் இது, இதுவரை முடித்தது இவ்வளவு, இன்ன நாளில் தருவேன். பொய் சேர்க்காதீர்கள்; சொன்ன நாளில் தந்துவிடுங்கள். சோம்பலுக்குக் கவசமாக உரிமையைத் தூக்காதீர்கள். அப்படித் தூக்குபவன், நாளை உண்மையாகக் கேட்கப்போகும் தங்கையின் வாயை இன்றே அடைக்கிறான். மடலின் கடைசி வரியை மாற்றுங்கள். ‘நன்றி’ என்று எழுதுங்கள், அது பண்பு. ‘கீழ்ப்படிந்துள்ள’ என்பதை அடித்துவிடுங்கள், அது பழக்கம்.

மிராசுதாரர் முன்னே இடுப்பில் துண்டைக் கட்டி நின்ற பாட்டனின் பேத்தி, இன்று பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவள் கையில் பேனா இருக்கிறது. அந்தப் பேனா கெஞ்சக் கூடாது, கேட்க வேண்டும்!