இரட்டித்த குரோமோசோமும் புதிய மண்ணும்

குரோமோசோம் தொகுதிகள் இரண்டுக்குப் பதிலாக நான்கோ ஆறோ உள்ள பன்மடியச் செடி புதிய நிலத்தில் எளிதாகப் பரவும் என்பது தாவரவியலில் நெடுநாள் வழங்கிவரும் கருத்து. ஆக்கிரமிப்புக் களைகளில் பன்மடியச் செடிகள் மிகுதிதான். நம் கண்மாய்களை அடைத்து நிற்கும் சீமைக்கருவேலமும் நான்மடியம். ஆனால் அதன் இருமடிய உறவினங்களும் ஆஸ்திரேலியாவில் பெருங்களையாகி நிற்கின்றன. ஆகவே களைகளின் பட்டியலில் பன்மடியங்கள் மிகுந்திருப்பது மட்டும் பன்மடியமே காரணம் என்று காட்டிவிடாது.

இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டன் கழிமுகம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. கப்பல் வழியே வந்த வட அமெரிக்க ஸ்பார்ட்டினா புல் அங்கே உள்ளூர் ஸ்பார்ட்டினாவோடு கலந்தது. 1870இல் கண்டெடுக்கப்பட்ட அந்தக் கலப்பினம் மலடு. குரோமோசோம்கள் இணைசேர முடியாததால் விதை பிடிக்கவில்லை. வேர்த்தண்டால் தவழ்ந்ததோடு சரி. 1890களில் குரோமோசோம்கள் இரட்டித்து 120ஐத் தாண்டின. ஒவ்வொன்றுக்கும் இணை கிடைத்தது, விதை பிடித்தது. கடல்நீர் நாளுக்கு இருமுறை மூழ்கடிக்கும் சேற்றுக்குள், மற்ற செடிகள் பெரும்பாலும் இறங்காத தாழ்வு வரை அந்தப் புல் இறங்கியது. கரையரிப்பைத் தடுக்க மனிதர்கள் அதைச் சீனா வரை கொண்டுபோய் நட்டார்களே என்பார்கள். நட்டது உண்மை, நட்ட இடத்தில் நில்லாமல் விதையால் பரவியது இரட்டிப்பின் வேலை.

இருந்தாலும் இங்கே கலப்பின் பங்கும் இரட்டிப்பின் பங்கும் பின்னிக் கிடக்கின்றன. கலப்பு குறுக்கிடாமல் குரோமோசோம் பெருக்கத்தின் பங்கைத் தனியே காட்டிய சோதனை, உயிரியலாளர் ஜஸ்டின் ராம்சே கலிபோர்னியாவில் அக்கில்லியா செடியைக் கொண்டு செய்து 2011இல் வெளியிட்டது. ஈரப்புல்வெளியின் நான்மடியச் செடிகளை மணல்மேட்டில் நட்டபோது, அங்கே வாழும் ஆறுமடியச் செடிகள் அவற்றைவிட ஐந்து மடங்கு தகுதி காட்டின. அதே நான்மடியப் பெற்றோருக்குப் பிறந்த முதல் தலைமுறை ஆறுமடியங்கள், தம் நான்மடிய உடன்பிறப்புகளை 70 சதவீதம் மிஞ்சின. குரோமோசோம் பெருக்கம் தந்தது இந்த 70 சதவீதம்தான். ஐந்து மடங்குக்கு எஞ்சிய தூரத்தைப் பிற்காலப் பரிணாமம் கடந்திருக்க வேண்டும். பிறவியிலேயே கிடைத்த அந்த முன்னிலையைச் சிறியதென்று ஒதுக்க முடியாது.

புதிய பன்மடியச் செடி பிறந்த இடத்திலேயே தனித்துப்போகும், சுற்றியுள்ள பெற்றோரினத்தின் மகரந்தம் படிந்து விதை வீணாகும் என்பது வலுவான ஆட்சேபம். 1975இல் தாவரவியலாளர் டொனால்ட் லெவின் இதைத் தெளிவாக எடுத்துரைத்தார். நான் இதை மறுக்கவில்லை. என் வாதத்துக்கு இதுவே துணை. பெற்றோர் அண்டாத மணலிலோ சேற்றிலோ காலூன்றினால் அந்த மகரந்தத் தொல்லை குறையும். தன்மகரந்தச் சேர்க்கையோ வேர்த்தண்டோ கைகொடுத்தால் துணை தேடும் காலத்தையும் கடந்துவிடலாம். ஆகவே, பன்மடியம் புதிய நிலத்தை வெல்கிறது என்பதைவிட, புதிய நிலம் இல்லாத பன்மடியங்களில் பெரும்பாலானவை நம் கண்ணில் படாமலேயே அழிந்துபோகின்றன என்பதே பொருத்தம்.