செங்கல் வீசியவர்களும் பர்கர் நீட்டியவரும்

2024 ஜூலை 29 அன்று இங்கிலாந்தின் சவுத்போர்ட் நகரில், விடுமுறைக்கால நடன வகுப்புக்கு வந்திருந்த சிறுமிகள் மீது 17 வயது இளைஞன் ஒருவன் கத்தியுடன் பாய்ந்தான். 6, 7, 9 வயதுள்ள மூன்று குழந்தைகள் கொல்லப்பட்டார்கள்.

கொலையாளி 18 வயது நிரம்பாதவன் என்பதால் அவன் பெயர் உடனே வெளியிடப்படவில்லை. அந்த இடைவெளியில் ஒரு பொய் புகுந்தது. படகில் வந்திறங்கிய முஸ்லிம் அகதிதான் கொன்றான் என்று, அரபுப் பெயர் போல ஒலிக்கும் ஒரு பெயரையும் சேர்த்துச் சமூக ஊடகங்களில் பரப்பினார்கள். அவன் கார்டிஃபில் பிறந்தவன் என்று காவல்துறை சொல்லியும் கேட்பார் இல்லை. மறுநாள் இரவு ஒரு கும்பல் சவுத்போர்ட் பள்ளிவாசல் மீது செங்கற்களை வீசியது. காவல்துறை வேன் எரிக்கப்பட்டது. 50க்கும் மேற்பட்ட காவலர்கள் காயமடைந்தார்கள்.

அந்த இரவில் நான் மிக முக்கியமாகக் கருதுவது வேறொன்று. கொல்லப்பட்ட சிறுமிகளில் ஒருத்தியின் தாய், வன்முறையை நிறுத்துங்கள் என்று முகநூலில் கெஞ்சிக் கேட்டார். மகளை இழந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. அவளுக்காகப் பழிவாங்குவதாகச் சொல்லிக்கொண்டு தெருவில் இறங்கியவர்களுக்கு அந்தத் தாயின் குரல் தேவைப்படவில்லை. வெறுப்புக்கு எப்போதும் ஒரு ஜனாஸா தேவை. இறந்தவரின் வீட்டார் என்ன சொல்கிறார்கள் என்பது அதற்குத் தேவையில்லை.

விடிந்ததும் ஊர்மக்கள் துடைப்பத்துடன் வந்தார்கள். கொத்தனார்கள் கூலி வாங்காமல் பள்ளிவாசல் சுவரைத் திரும்பக் கட்டிக் கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லர்.

ஆகஸ்ட் 2, வெள்ளிக்கிழமை மாலை. லிவர்பூலில் அப்துல்லா குயில்லியம் பள்ளிவாசல் எதிரே போராட்டக்காரர்கள் கூடினார்கள். இமாம் ஆடம் கெல்விக் சாலையைக் கடந்து அவர்களிடம் போனார். கையில் பர்கரும் உருளைக்கிழங்கு வறுவலும். அவர்கள் சொன்னதைக் கேட்டார், தாமும் பேசினார். போராட வந்தவர் ஒருவரை அவர் கட்டித் தழுவிய படம் உலகெங்கும் பரவியது.

இந்த இடத்தில் நம் பிள்ளைகள் கேட்கும் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது: "ஹஜ்ரத், கல்லும் நாமே வாங்கி, சோறும் நாமே கொடுக்க வேண்டுமா?" நியாயமான கேள்வி. அந்தப் படத்தில் தெரியாத இரண்டு விஷயங்களில் பதில் இருக்கிறது. நடுவே காவலர்கள் நின்றார்கள். பள்ளிவாசலைக் காக்க அக்கம்பக்கத்து மக்கள், போராட வந்தவர்களைவிட அதிக எண்ணிக்கையில் திரண்டிருந்தார்கள். ஆகஸ்ட் 7 அன்றே லிவர்பூல் நீதிமன்றம் கலவர வழக்கில் மூவரைச் சிறைக்கு அனுப்பியது. பேசக்கூடியவரிடம் பேசுவது இமாமின் வேலை. கல்லெறிந்தவரைப் பிடிப்பது அரசின் வேலை. அரசு தன் வேலையைச் செய்யாத இடத்தில் முஸ்லிமுக்கு மட்டும் அன்பைப் போதிப்பது அநீதிக்குத் துணைபோவதாகும்.

தீமையைச் சிறந்ததைக் கொண்டு தடுக்கச் சொல்லும் ஃபுஸ்ஸிலத் அத்தியாயத்தின் 34ஆம் வசனத்தை ஓதாத மீலாது மேடை இல்லை. பொறுமையாளர்களுக்கே அது வாய்க்கும் என்கிற 35ஆம் வசனத்தை மட்டும் அவசரமாகக் கடந்துவிடுகிறோம். பணிந்து போவதற்கு இத்தனை பொறுமை தேவையில்லை, பயம் போதும்.

தமிழ் பேசும் முஸ்லிம்களுக்கு இந்த வகைப் பொய் புதிதல்ல. 2018 பிப்ரவரியில் இலங்கையின் அம்பாறையில், முஸ்லிம் உணவகத்துச் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலந்திருப்பதாக வதந்தி கிளம்பிக் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரசுப் பரிசோதனையில் அது வெறும் மாவுக்கட்டி என்று தெரிந்தது. இவ்வளவு பட்ட நம் குடும்ப வாட்ஸப் குழுக்களிலேயே பிற சமூகத்தார் பற்றி எந்தச் சரிபார்ப்பும் இல்லாத செய்திகள் தினமும் சுற்றுகின்றன. செய்தியை விசாரித்துத் தெளியச் சொல்லும் ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் நமக்குத்தானே இறங்கியது? அனுப்புகிறவர் மாமாவாக இருந்தாலும் "எங்கிருந்து வந்தது?" என்று மரியாதையோடு கேட்கப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும்.

லிவர்பூல் பள்ளிவாசலுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. இஸ்லாத்தைத் தழுவிய வழக்கறிஞர் வில்லியம் குயில்லியம் 1889இல் அதைத் தொடங்கியபோதே கல்லடி விழுந்தது. அவர் பள்ளிவாசலைப் பூட்டிக்கொள்ளவில்லை. கிறிஸ்துமஸ் நாளில் அங்கே அந்நகரத்து ஏழைகளுக்கு உணவு பரிமாறினார். கெல்விக் சாலையைக் கடந்தது அந்தப் பள்ளிவாசலிலிருந்துதான்.